அட்வைஸுக்கும் எக்ஸ்பைரி டேட் உண்டு பாஸ்!

டாக்டர்கிட்ட போனா ஃபீஸ். வக்கீல்கிட்ட போனா ஃபீஸ். ஆடிட்டர்கிட்ட போனா ஃபீஸோட ஜிஎஸ்டி. இந்த மூணு பேர் வேலையையும் ஒரே ஆளு ஒரு டம்ளர் டீக்கு முடிச்சுக் குடுப்பாருன்னா, அது யாரு? நம்ம பக்கத்து வீட்டுக்காரர்தான்!

வாராவாரம் கேம்பஸ் மேட்டரா எழுதித் தள்ளிட்டிருந்த இந்தப் பக்கத்தை, இந்த வாரம் கொஞ்சம் தெருவுக்கு இழுத்துட்டு வந்திருக்கேன். தஞ்சாவூர்ல கரந்தையோ மானோஜிப்பட்டியோ, பஸ் ஏறி ஒரத்தநாடு, திருவையாறு, பாபநாசம்னு போனாலும் சரி, சாயந்திரம் ஆறு மணிக்கு மேல வாசப்படியிலயும் டீக்கடை பெஞ்சுலயும் ஒரு இலவச ஆலோசனை மையம் ஓடிக்கிட்டே இருக்கும். ரிடையர் ஆன ஒரு ஐயா சட்டத்துறை. நகைக்கடனை நாலு தடவை மாத்தி வச்ச அனுபவத்துல ஒரு அத்தை நிதித்துறை. மூணு மாடு, ரெண்டு நாய் வளர்க்கிற அண்ணன் கால்நடைத்துறை. மினி கேபினெட்!

கிண்டல் பண்றேன்னு நினைச்சுடாதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மாடு கன்னு போட முடியாம திணறுச்சுன்னா, கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வர்றது அந்த அண்ணன்தான். தாலுகா ஆபீஸ்ல எந்த ஜன்னல்ல மனு குடுக்கணும், எத்தனை மணிக்குப் போனா ஆள் இருப்பாங்கன்னு அந்த ஐயாவுக்குத் தெரியிற அளவுக்கு யாருக்கும் தெரியாது. இந்த கேபினெட் இல்லைன்னா நம்ம ஊரு ஒரு நாள் ஓடாது.

ஆனா ஒரு சின்ன சிக்கல் இருக்கு. எங்க லேப்ல எந்த மீட்டரை எடுத்தாலும் முதுகுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கேலிபிரேஷன் பண்ணின தேதி, அடுத்து பண்ண வேண்டிய தேதி. மீட்டர் நல்ல மீட்டர்தான். முள்ளும் ஜோரா ஆடும். ஆனா அந்தத் தேதி தாண்டிடுச்சுன்னா ரீடிங்கை நம்பி எழுதக் கூடாது. நம்ம தெரு அட்வைஸ்ல இல்லாதது அந்த ஸ்டிக்கர்தான். சொல்ற மனுஷங்க தங்கம். சொல்ற விஷயமும் ஒரு காலத்துல சரிதான். எந்தக் காலத்துலங்கிறதுதான் கேள்வி!

அதனால யார் என்ன அட்வைஸ் குடுத்தாலும் ரெண்டே ரெண்டு கேள்வி கேக்கணும்ங்கிறது என் கட்சி. ஒண்ணு, "எத்தனை நாளுக்குள்ள செய்யணும்?" ரெண்டு, "இது எந்த வருஷத்து ரூல்?" இந்த ரெண்டையும் கேக்காம விட்டா என்னாகும்னு துறை வாரியா பாப்போம்.

கால்நடைத்துறை: "நகம்தானே பட்டுச்சு!"

டியூஷன் விட்டு வர்ற பையன் மேல தெரு நாய் பாயுது. கால்ல ஒரு கீறல். உடனே கேபினெட் கூடிடும். "கடிக்கல, நகம்தான் பட்டிருக்கு, மஞ்சளை வை." "சுண்ணாம்பு வை." "பத்து நாள் நாயைக் கவனிப்போம், அது செத்தா ஊசி போட்டுக்கலாம்." "ஐயோ, தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி, பையன் தாங்க மாட்டான்!"

ஒவ்வொண்ணா உரிப்போம். தொப்புள் ஊசிங்கிறது உண்மைதான். ஆட்டு மூளையிலேருந்து தயாரிச்ச பழைய தடுப்பூசியை வயித்துலதான் வரிசையா போட்டாங்க. அந்த ஊசியை இந்தியா 2004ஆம் வருஷத்தோட தயாரிக்கிறதை நிறுத்திடுச்சு. அதாவது, நீங்க இப்ப காலேஜ்ல படிக்கிறீங்கன்னா, அந்த ஊசிக்கு விடை குடுத்தப்ப நீங்க பொறந்தே இருக்க மாட்டீங்க, இல்லைன்னா தொட்டில்ல இருந்திருப்பீங்க. ஆனா அந்த பயம் மட்டும் இன்னும் தெருவுல உலாத்திக்கிட்டிருக்கு. இப்ப கையிலதான் ஊசி. அரசு ஆஸ்பத்திரியில தோலுக்குள்ள போடுற முறையில முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாள். அவ்வளவுதான். அதுவும் இலவசம்.

பத்து நாள் கவனிக்கிறதுங்கிறதுலயும் பாதி உண்மை இருக்கு. ஆனா வரிசை மாறிப் போச்சு. முதல்ல ஊசியை ஆரம்பிச்சுடணும், நாயைக் கவனிக்கிறது அது கூடவே நடக்கணும். நாய் செத்த பிறகு ஆரம்பிக்கலாம்னு உக்காந்திருந்தா, ரேபிஸ் நமக்காக உக்காந்திருக்காது. அறிகுறி வந்துடுச்சுன்னா அதுக்கப்புறம் பிழைக்கிறது கிட்டத்தட்ட நடக்காத விஷயம். கீறல்னாலும் அதே கதைதான். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி வேணும். ரத்தம் வந்துட்டா அதோட சேர்த்து காயத்துல போடுற இம்யூனோகுளோபுலினும் வேணும்.

முதல் வேலை என்ன தெரியுமா? குழாயைத் திறந்துவிட்டு, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேணாம். அப்புறம் நேரா ஆரம்ப சுகாதார நிலையம் இல்லைன்னா அரசு ஆஸ்பத்திரி. "எத்தனை நாளுக்குள்ள?"ன்னு கேட்டா இதுக்கு ஒரே பதில்தான்... இன்னைக்கே!

இன்னொரு குட்டி மேட்டர். "பூனைக்குக் காய்ச்சலா? நம்ம பாராசிட்டமால்ல பாதி உடைச்சுக் குடு." இது ரொம்ப ஃபேமஸ் அட்வைஸ். தயவுசெஞ்சு வேணாம். நம்ம கல்லீரல் அந்த மருந்தை உடைக்கிற மாதிரி பூனையோட கல்லீரலால முடியாது. அரை மாத்திரையே அது உயிரை எடுத்துடும். கால்நடை மருத்துவமனை இருக்கு. ஒரத்தநாட்டுல 2012லேருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. அங்கே தூக்கிட்டுப் போங்க.

நிதித்துறை: "நாளைக்கு பேங்க்ல பாத்துக்கலாம்"

நெல்லு வியாபாரி ரொக்கமா தராம செக் குடுக்குறாரு. "இப்ப போடாதீங்கண்ணே, கணக்குல பணம் வரட்டும்"னு சொல்றாரு. பெஞ்சுல இருக்குற ஐயா, "செக்கு ஆறு மாசம் செல்லும்பா, அவசரப்படாத"ன்னு தைரியம் சொல்றாரு. ஐயா சொல்றது 2012 மார்ச் 31 வரைக்கும் சரி. ஏப்ரல் 1லேருந்து ரிசர்வ் பேங்க் அதை மூணு மாசமாக் குறைச்சாச்சு. ஆறு மாசம்னு பீரோவுல பூட்டி வச்சிருந்தா, நாலாவது மாசம் அது வெறும் காகிதம்.

சரி, போட்டாச்சு, பணம் இல்லைன்னு திரும்பிடுச்சு. இப்பதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. பேங்க் தகவல் சொன்ன நாள்லேருந்து 30 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ். நோட்டீஸ் கையில கிடைச்ச பிறகு அவருக்கு 15 நாள் டைம். அப்பவும் தரலைன்னா, அதுலேருந்து ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல புகார். 30, 15, ஒரு மாசம். ஃபோன் நம்பர் மாதிரி மனப்பாடம் பண்ணிக்கோங்க. "நம்ம ஆளுதானே, அறுவடை முடியட்டும், பேசிக்கலாம்"னு நாளைக் கடத்தினா, பேச்சு மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்து ஆன்லைன் களவாணிங்க. ஃபோன்ல யாரோ பேச, அம்மா ஓடிபி-யைச் சொல்ல, கணக்குல இருந்தது காலி. மணி சாயந்திரம் ஏழு. "அழாதீங்கக்கா, நாளைக்கு பேங்க் திறந்ததும் மேனேஜரைப் பாப்போம்"னு ஆறுதல் வரும். மனசுக்கு நல்ல ஆறுதல். பணத்துக்கு இல்லை! அந்த நிமிஷமே 1930க்கு அடிக்கணும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள நடுவுல மறிச்சு நிறுத்துறதுக்காக உள்ள நம்பர் அது. பேங்குக்கும் உடனே சொல்லணும். 2017 ஜூலையில ரிசர்வ் பேங்க் போட்ட விதிப்படி, நம்ம கவனக்குறைவால போனா, சொல்ற வரைக்கும் ஆன நஷ்டம்தான் நம்ம தலையில. சொன்னதுக்கு அப்புறம் போறது பேங்க் பொறுப்பு. ராத்திரி பூரா அழுதுட்டு காலையில சொல்றதுக்கும், அழுதுகிட்டே இப்பவே சொல்றதுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

நகைக்கடன் அத்தைகிட்டயும் ஒரு வார்த்தை. "ஏலம் போயிட்டா போனதுதான்"னு நிறைய பேர் கும்பிடு போட்டுட்டு வந்துடுறாங்க. இல்லை அத்தை. கடன், வட்டி, செலவு போக மிஞ்சின பணம் உங்களோடது. அதே மாதிரி, முழுக்கக் கட்டி முடிச்ச பிறகும் "லாக்கர் சாவி இல்லை, அடுத்த வாரம் வாங்க"ன்னு அலைய விட்டா? ரிசர்வ் பேங்க் 2025 ஜூன்ல புது விதி போட்டுச்சு. பேங்குகளும் நகைக்கடன் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் 2026 ஏப்ரல் 1க்குள்ள அதுக்கு மாறியாகணும்னு கெடு. அதுப்படி கடன் முடிஞ்சு 7 வேலை நாளுக்குள்ள நகை கைக்கு வரணும். அவங்க பக்கத் தப்பால தாமதமானா ஒரு நாளைக்கு 5,000 ரூபா நஷ்டஈடு. கேக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது.

வேளாண்துறை: சரி, தப்பு, மறுபடி சரி

டெல்டாவுல பயிர் இல்லாம பேச்சே இல்லை. சம்பாப் பயிர் தண்ணியில நிக்குது. "தனியா எங்கேயும் போக வேணாம், கணக்கெடுப்பு தானா நடக்கும்"னு ஒருத்தர் சொல்வாரு. "72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்"னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் சண்டை போட்டுக்குவாங்க. வேடிக்கை என்னன்னா, ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்கலாம்!

2016ல வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல, ஊரு பூரா மகசூல் குறைஞ்சா, பயிர் அறுவடைப் பரிசோதனையை வச்சு அவங்களே கணக்கு போடுவாங்க. ஆனா, ஒருத்தரோட வயல்ல மட்டும் நடக்குற சேதத்தை அவர்தான் 72 மணி நேரத்துக்குள்ள சொல்லியாகணும். அறுத்துக் காயப் போட்ட கதிர், அறுத்த 14 நாளுக்குள்ள பருவம் தவறின மழையில நனைஞ்சு போறதும் இதுல வரும்.

வயல் மூழ்குறது? அங்கேதான் கிளைமாக்ஸ். அதுவும் முதல்ல இந்தத் தனி வயல் பட்டியல்ல இருந்துச்சு. 2018ல நெல்லுக்கு மட்டும் அதை எடுத்துட்டாங்க. நெல்லு தண்ணியில நிக்கிற பயிருதானேன்னு காரணம். 2025 நவம்பர்ல, 2026 காரிஃப் பருவத்துலேருந்து அதைத் திரும்பவும் சேர்க்கிறதா மத்திய வேளாண் அமைச்சகம் அறிவிச்சுச்சு. ஆக, மூழ்கின வயலைத் தனியா சொல்லணும்ங்கிற ஒரே அட்வைஸ் 2017ல சரி, 2020ல தப்பு, இப்ப மறுபடியும் சரியாகப் போற அட்வைஸ். சொன்னவரைத் திட்ட முடியுமா? அவர் எந்த வருஷம் கத்துக்கிட்டாரோ அந்த வருஷத்துல நிக்கிறாரு. அதனால ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தடவை வேளாண்மை விரிவாக்க மையத்துல போய், "இந்தப் பருவத்துக்கு எது எதுக்கு இன்சூரன்ஸ், கடைசி தேதி எப்போ?"ன்னு கேட்டே ஆகணும். சம்பாவுக்கு வழக்கமா நவம்பர் 15 கடைசி தேதி. சில வருஷம் நீட்டிச்சிருக்காங்க. நீட்டிப்பாங்கங்கிற நம்பிக்கையில இருக்கக் கூடாது.

சட்டத்துறை: "உனக்குப் பங்கு கிடையாதும்மா"

இதுதான் எனக்கு ரொம்ப உறுத்தின விஷயம். எங்க தெருவுல ஒரு பெரியம்மா. 1986ல கல்யாணம். அவங்க தாத்தா காலத்து நிலத்தை அண்ணன் தம்பிங்க பிரிச்சுக்கப் போறாங்க. "விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து, வந்து போட்டுட்டுப் போ"ன்னு தகவல் வந்துச்சு. தெருவே ஒரே குரல்ல சொல்லுச்சு... "89க்கு முன்னாடி கட்டிக் குடுத்த பொண்ணு நீங்க. பங்கு கிடையாது. போட்டுக் குடுத்துட்டு உறவைக் காப்பாத்திக்கோங்க."

அந்த 89 எங்கேருந்து வந்துச்சு? பூர்வீகச் சொத்துல மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்குன்னு தமிழ்நாடு கொண்டு வந்த திருத்தம், 1989 மார்ச் 25லேருந்து நடைமுறைக்கு வந்துச்சு. அந்தத் தேதிக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அதுல இடம் இல்லை. ஆக, தெரு சொன்னது அப்ப சரி. ஆனா 2005 செப்டம்பர் 9லேருந்து நாடு முழுக்க வந்த திருத்தத்துல அந்தக் கல்யாணக் கணக்கே கிடையாது. மகள்னா மகள்தான். "அப்பா அந்தத் தேதிக்கு உயிரோட இருந்திருக்கணுமே"ன்னு அப்புறமும் ஒரு வழக்கு ஓடுச்சு. தேவையில்லைன்னு 2020 ஆகஸ்ட் 11ல வினீதா சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

இதுக்கும் ஒரு தேதிக் கணக்கு இருக்கு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பத்திரம் பதிஞ்சு பாகம் பிரிச்சிருந்தா, அதைக் கலைக்க முடியாது. அப்பா சொந்தமா சம்பாதிச்ச சொத்துன்னா கணக்கே வேற. உயில் எழுதி அவர் இஷ்டப்பட்டவங்களுக்குக் குடுக்கலாம். உயில் இல்லைன்னா, 1956லேருந்தே மகளுக்கும் பங்கு உண்டு. அதனால "உண்டு", "இல்லை"ன்னு பெஞ்சுல உக்காந்துகிட்டே தீர்ப்பு சொல்ற விஷயம் இல்லை இது. பத்திரத்தைப் பாத்துத்தான் சொல்ல முடியும்.

பெரியம்மா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கோர்ட் வளாகத்துல இருக்குற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாங்க. அங்கே கூட்டிட்டுப் போனது யாரு? "பங்கு கிடையாது"ன்னு முதல்ல சொன்ன அதே ஐயாதான்! "எனக்குத் தெரிஞ்சது பழசா இருக்கலாம், வாங்க கேட்டுடுவோம்"னு அவர் சொன்னாரு பாருங்க, அந்த வார்த்தைக்கு நூறு டீ வாங்கிக் குடுக்கலாம். பெரியம்மா என்ன முடிவு எடுத்தாங்கங்கிறது அவங்க குடும்ப விஷயம். ஆனா அவங்க சொன்னது மனசுல நிக்குது. "நிலம் வேணுமோ வேணாமோ... வேணாம்னு சொல்றது நானா இருக்கணும்ல, தம்பி?"

ஒரு தகவல். 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், சிறுவர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், வெள்ளம் மாதிரி பேரிடர்ல பாதிக்கப்பட்டவங்க எல்லாருக்கும் வக்கீல் இலவசம். இதுக்காகவே பயிற்சி குடுத்த சட்டத் தன்னார்வலர்களும் உண்டு. அவங்களும் நம்மள மாதிரி பக்கத்து வீட்டுக்காரங்கதான். என்ன, மீட்டர்ல ஸ்டிக்கர் ஒட்டின பக்கத்து வீட்டுக்காரங்க!

பெரிய கோயில் சுவரைப் பாருங்க

"எல்லாத்துக்கும் தேதி, கணக்குன்னு பாத்தா அக்கம்பக்கத்துல எப்படிப்பா வாழுறது?"ன்னு ஒரு கேள்வி வரும். ஆயிரம் வருஷம் முன்னாடியே நம்ம ஊரு அதுக்குப் பதில் சொல்லியிருக்கு. பெரிய கோயிலுக்குப் போறோம், செல்ஃபி எடுக்கிறோம், சுவத்துல இருக்குற எழுத்தை யாராவது பாக்குறோமா? ராஜராஜன் காலத்துல கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனா குடுத்திருக்காங்க. ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி. இன்னைக்குக் கணக்குல 12.5 சதவீதம். எந்த ஊரு, எவ்வளவு வாங்குச்சு, வட்டி எவ்வளவு, எல்லாம் கல்லுல இருக்கு.

ஆடு விஷயம் இன்னும் ஜோரு. அணையா விளக்கு ஒண்ணுக்கு 96 ஆடு. ஆட்டை வாங்கிக்கிட்டவர் தினம் ஒரு உழக்கு நெய் தரணும். ஒரு ஆடு செத்தா குட்டி ஒண்ணு அந்த இடத்துக்கு வந்துடும், எண்ணிக்கை குறையக் கூடாது. அதனாலதான் அதுக்கு "சாவா மூவாப் பேராடு"ன்னு பேரு. சட்டம், பணம், கால்நடை மூணும் ஒரே கல்வெட்டுல! பேச்சை எழுத்தாக்கி வச்சதால அவங்க யாரும் யாரையும் சந்தேகப்பட்டாங்கன்னு அர்த்தமா? நாளைக்கு மனஸ்தாபம் வரக் கூடாதுன்னு அர்த்தம்.

பர்ஸ்ல வச்சுக்க ஒரு சீட்டு

நாய்க்கடி, கீறல்: 15 நிமிஷம் சோப்பு, இன்னைக்கே ஊசி.
ஆன்லைன் மோசடி: அந்த நிமிஷமே 1930.
செக் திரும்பினா: 30 நாளுக்குள்ள நோட்டீஸ்.
தனி வயல் பயிர்ச் சேதம்: 72 மணி நேரம். காப்பீட்டு உதவி எண் 14447.
இலவச சட்ட உதவி: 15100.
மாடு, கன்னுக்கு அவசரம்னா: 1962.

கடைசியா நம்ம செட்டுக்கு ஒரு வேலை. தெருவுல ஐயாவுக்கு அனுபவம் இருக்கு, அத்தைக்கு அக்கறை இருக்கு, அண்ணனுக்குத் தைரியம் இருக்கு. தேதியைச் சரிபார்க்கிற ஆளுதான் இல்லை. கையில ஃபோனும், நாலு பக்க அரசாணையைப் பொறுமையா படிக்கிற பழக்கமும் நமக்குத்தான் இருக்கு. செமஸ்டர் ஃபீஸுக்குக் கடைசி தேதியை ஃபைனோட சேர்த்து ஞாபகம் வச்சிருக்குற பசங்கதானே நாம!

அடுத்த தடவை யாராவது "ஒண்ணும் ஆகாது, பாத்துக்கலாம்"னு சொன்னா, மறுத்துப் பேச வேணாம். மரியாதையா பக்கத்துல உக்காந்து, "ஐயா, இது எத்தனை நாளுக்குள்ள செய்யணும்? எந்த வருஷத்து ரூல்?"னு கேளுங்க. தெரிஞ்சா சொல்வாரு. தெரியலைன்னா ரெண்டு பேருமாப் போய்க் கேட்டுட்டு வாங்க. அன்னைக்கு டீக் காசு மட்டும் நீங்க குடுத்துடுங்க பாஸ்!